வால்வெள்ளியின் வால் பட்டால் ஊசி திரும்புமா?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் வாசிக்கப்பட்ட உரை)



இந்த மேடையில் நீரிழிவு நோயைப் பற்றிப் பேசும்படிதான் சங்கத்தார் முதலில் கேட்டிருந்தார்கள். வைத்தியரை அழைத்தால் நீரிழிவு, அது இல்லாவிட்டால் இரத்த அழுத்தம். வழக்கம் அப்படி. ஆனால் எங்கள் வகுப்புத் தோழிகளிடம் இதைச் சொன்னபோது ஒருத்திகூட உடன்படவில்லை. "அதைக் கிளினிக்கில கேட்கலாம். ரீச்சரிட்டக் கேட்ட கேள்வி இன்னும் கிடக்குது, அதுக்கு மறுமொழியைச் சொல்லு" என்றார்கள். ஆகவே இது எங்கள் வகுப்பு முழுவதினதும் உரை. கட்டுரைகளைத் தேடித் தந்தவர்கள், கணக்கைச் சரிபார்த்தவர்கள், பிழை பிடித்தவர்கள் என்று பலர் இதில் இருக்கிறார்கள்.

அந்தக் கேள்வி பிறந்த இடத்தை முதலில் சொல்ல வேண்டும்.

1996 ஆம் ஆண்டு மார்ச் மாதம். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்தை விட்டு நடந்தவர்களில் எங்கள் வகுப்பின் பெரும்பாலானோர் தென்மராட்சியில் இருந்தோம். சிலர் உறவினர் வீட்டு விறாந்தையில், சிலர் கோயில் மடத்தில், சிலர் ஓலைக் கொட்டிலில். இன்னொரு பாடசாலை தன் கட்டடத்தைப் பிற்பகலில் எங்களுக்கு விட்டுத் தந்திருந்தது. மின்சாரத்தைக் கண்டு பல வருடங்கள் ஆகியிருந்தன. அதில் ஒரேயொரு நன்மை, இரவு வானம் முழுக் கறுப்பாக இருந்தது.

மார்ச் 24, 25 ஆம் திகதி இரவுகளில் வடக்கு வானத்தில், சப்தரிஷி மண்டலத்தின் பக்கத்தில், வெண்பச்சை நிறத்தில் ஊதிப் பெருத்த ஒரு நட்சத்திரம் போல அது தெரிந்தது. அதிலிருந்து ஒரு வால், மங்கலாக, நீளமாக. முற்றத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தோம். அதுதான் ஹியாகுடாக்கே வால்வெள்ளி. யூஜி ஹியாகுடாக்கே என்ற யப்பானியர் பெரிய பைனொகியுலர் ஒன்றினால் அந்த வருட ஜனவரி முடிவில் கண்டுபிடித்தது. மார்ச் 25 இல் அது பூமியிலிருந்து ஏறத்தாழ 1.5 கோடி கிலோமீற்றர் தூரத்தில் கடந்து போனது. சந்திரனின் தூரத்தைப்போல் 40 மடங்கு. வால்வெள்ளிகளின் கணக்கில் அது மிகக் கிட்ட.

பக்கத்துக் கொட்டிலில் இருந்த ஒரு அம்மம்மா அதைப் பார்த்துவிட்டு, "உதுதான் பிள்ளையள் எங்களை வீட்டை விட்டுக் கலைச்சது" என்றார். எங்களில் பாதிப் பேர் நம்பினோம். வால்வெள்ளி தோன்றினால் நாட்டுக்குக் கேடு என்று எல்லோருமே கேட்டு வளர்ந்தவர்கள்தானே. ஆனால் நாங்கள் நடந்தது ஒக்ரோபரில். வால்வெள்ளியை மனிதர் முதலில் கண்டதே ஜனவரியில். காய்ச்சல் வந்து மூன்று மாதத்தின் பின் குடித்த மருந்தைக் காய்ச்சலுக்குக் காரணம் என்று சொல்வதைப் போன்றது இது. இன்று கிளினிக்கில் இப்படிப்பட்ட கதைகளைக் கிழமைக்கு நாலு தடவையாவது கேட்கிறோம். அந்த அம்மம்மாவிடம் மட்டும் இதைச் சொல்லும் துணிவு அப்போதும் இருக்கவில்லை, இப்போதும் இருந்திராது. யாரோ ஒருவர் மேல் பழியைப் போடாவிட்டால் அந்த மாதங்களைத் தாண்டியிருக்க முடியாது.

அந்தக் கிழமை விஞ்ஞான பாடத்தில் காந்தவியல். எங்கள் ஆசிரியை இடம்பெயர்ந்தபோது ஆய்வுகூடத்திலிருந்து எடுத்துவந்த ஒரே பொருள் சிறிய திசைகாட்டி ஒன்று. அதை ஒரு கதிரையில் வைத்து எங்களைச் சுற்றி நிற்கச் சொன்னார். அப்போதுதான், இன்று ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் தோழி கேட்டாள்: "ரீச்சர், அந்த வால் எங்கட பூமியில பட்டா இந்த ஊசி திரும்புமோ?"

ஆசிரியை சற்று நேரம் ஊசியையே பார்த்தார். "எனக்குத் தெரியாது பிள்ளையள். ஆராவது அளந்திருப்பினம். தேடிப் பாருங்கோ" என்றார்.

தேடுவதற்கு நூலகமும் இல்லை, ஒன்றும் இல்லை. அதோடு கேள்வி நின்றுவிட்டது. இப்போதுதான் தேடினோம்.

வால்வெள்ளியின் கரு என்பது சில கிலோமீற்றர் அளவான, பனியும் தூசியும் கலந்த கட்டி. ஹலியின் வால்வெள்ளியின் கரு நீளத்தில் 15 கிலோமீற்றர் அளவுதான். இங்கிருந்து சாவகச்சேரி போகும் தூரம்கூட இல்லை. சூரியனை நெருங்கும்போது பனி ஆவியாகித் தூசியையும் இழுத்துக்கொண்டு வெளியே வருகிறது. அதிலிருந்து இரண்டு வால்கள் உண்டாகின்றன. ஒன்று தூசி வால். வளைந்து, மஞ்சள் கலந்த வெள்ளையாகத் தெரிவது. மற்றது அயன் வால். மின்னேற்றம் பெற்ற வாயுவாலானது, நீலம் கலந்தது, எப்போதும் சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில் நீண்டிருப்பது. காந்தத்தோடு சம்பந்தம் உள்ளது இந்த இரண்டாவது வால்தான்.

இந்த நீல வால் ஏன் எப்போதும் சூரியனைவிட்டு விலகியே நிற்கிறது என்று யோசித்த ஜேர்மன் விஞ்ஞானி லுட்விக் பியர்மான், சூரியனிலிருந்து ஏதோ ஒன்று ஓயாமல் வீசிக்கொண்டிருக்க வேண்டும் என்று 1951 இல் எழுதினார். அப்போது ஒரு செய்மதிகூட ஏவப்பட்டிருக்கவில்லை. அந்த வீச்சைத்தான் இன்று சூரியக் காற்று என்கிறோம். அது புரோத்தன்களும் இலத்திரன்களும் செக்கனுக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் ஓட்டம். அது தன்னோடு சூரியனின் காந்தப்புலத்தையும் இழுத்துக்கொண்டு வருகிறது.

அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே வால்வெள்ளி நிற்கும்போது நடப்பதை 1957 இல் சுவீடனின் ஹானஸ் அல்வென் விளக்கினார். வால்வெள்ளியின் வாயு சூரியக் காற்றில் கலந்து அதன் பாரத்தைக் கூட்டி, வேகத்தைக் குறைக்கிறது. நடுவில் ஓட்டம் தாமதிக்க, இரு பக்கத்திலும் பழைய வேகத்திலேயே போகிறது. அதனால் காந்தப்புலக் கோடுகள் வால்வெள்ளியின் தலையில் தடக்குப்பட்டு இரு பக்கமும் பின்னோக்கித் தொங்குகின்றன. கொடிக்கம்பியில் போட்ட ஈரச்சேலை இரு பக்கமும் தொங்குமல்லவா, அப்படி. வாலின் ஒரு பாதியில் புலம் சூரியனை நோக்கியிருக்கும், மற்றப் பாதியில் சூரியனுக்கு எதிராக இருக்கும். 1985 செப்ரெம்பர் 11 இல் ஐ.சி.ஈ. என்ற விண்கலம் ஜியாக்கோபினி–சின்னர் வால்வெள்ளியின் வாலினூடாகப் புகுந்து போனபோது இதையே கண்டது.

ஆகவே வாலில் இருக்கும் காந்தம் வால்வெள்ளியின் சொந்தக் காந்தம் இல்லை. சூரியனிடம் வாங்கிய கடன். றொசெற்றா விண்கலம் 2014 நவம்பரில் 67பி என்ற வால்வெள்ளியின் கருமேல் ஒரு சிறு கலத்தை இறக்கியது. அது தரையில் பட்டு எழும்பி மறுபடியும் விழுந்ததால் பல இடங்களில் அளக்க முடிந்தது. அந்தக் கருவில் காந்தம் இல்லை என்பதே கிடைத்த விடை.

இனி அளவுகளுக்கு வருவோம். நோயாளி "நஞ்சு கலந்திருக்காம்" என்று வந்தால் வைத்தியர் முதலில் கேட்பது "எவ்வளவு?" என்பதைத்தான்.

பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 2,900 கிலோமீற்றர் ஆழத்துக்குக் கீழே உள்ள உருகிய இரும்பின் ஓட்டத்தால் உண்டாவது. இலங்கையின் தரைமட்டத்தில் அது ஏறத்தாழ 40,000 நனோ தெஸ்லா. ஜொட்டோ விண்கலம் 1986 மார்ச்சில் ஹலியின் கருவுக்கு 600 கிலோமீற்றர் அளவு கிட்டப் போனபோது, வழியில் அளந்த மிகக் கூடிய புலம் 60 நனோ தெஸ்லாவின் அளவுதான். கருவுக்கு இன்னும் கிட்டே, சில ஆயிரம் கிலோமீற்றருக்குள், புலம் பூச்சியமாகவே போய்விட்டது.

இந்த 60 முழுவதையும் எங்கள் ஆசிரியையின் திசைகாட்டிக்குப் பக்கவாட்டில் கொடுத்தால் ஊசி எவ்வளவு திரும்பும்? எங்களில் கணிதம் படித்தவள் கணக்குப் போட்டாள்: ஒரு பாகையின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. திசைகாட்டியின் தட்டில் அதைக் கண்ணால் பிரித்தறிய முடியாது. எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் நோயாளியை அனுப்பும்போது நாங்கள் கொடுப்பது 1.5 தெஸ்லா, வால்வெள்ளியின் 60 நனோ தெஸ்லாவைப்போல் இரண்டரைக் கோடி மடங்கு. காந்த வளையலை கையில் போட்டுக்கொண்டு வந்து மூட்டுவலி குறையுமா என்று கேட்பவர்களுக்கும் இந்தக் கணக்கைச் சொல்லலாம். சொல்லியும் இருக்கிறோம். வளையலைக் கழற்றியவர்கள் குறைவு.

பிள்ளைகளுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரலாம். தரையில் அளவு இவ்வளவு சிறியது என்றால், சூரியப் புயல் மட்டும் எப்படி மின்சாரத்தையே நிறுத்துகிறது? 1989 மார்ச் 13 இல் கனடாவின் கியூபெக்கில் 60 இலட்சம் மக்கள் ஏறத்தாழ 9 மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தார்கள். 1859 செப்ரெம்பர் 2 இல் பம்பாயின் கொலாபா நிலையத்தில் கிடைப்புலம் ஏறத்தாழ 1,600 நனோ தெஸ்லா வீழ்ந்ததாகப் பதிவு இருக்கிறது. சூரியக் காற்றிலும் சில பத்து நனோ தெஸ்லாக்கள்தான் வருகின்றன. ஆனால் அந்தப் புலம் தெற்கு நோக்கித் திரும்பியிருந்தால், வடக்கு நோக்கியிருக்கும் பூமியின் புலத்தோடு அது இணைந்துகொள்கிறது. வாசல் திறக்கிறது. காற்றின் சக்தி உள்ளே வந்து, பூமியைச் சுற்றிப் பெரிய மின்னோட்டங்களை ஓடவைக்கிறது. தரையில் நாம் அளப்பது அந்த மின்னோட்டங்களின் விளைவை. புலத்தின் பருமனைப்போலவே அதன் திசையும் முக்கியம்.

வாலின் கதையும் இதுதான். வால் பூமியைத் தடவிப் போனால் பூமிக்கு வந்து சேரும் காற்றின் வேகமும் புலத்தின் திசையும் மாறும். தெற்கு நோக்கிய புலம் வந்தால் வாசல் சிறிது திறக்கும், மற்றப் பாதிக்குள் போனதும் மூடலாம். வேகம் எவ்வளவு மாறும் என்பதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. 2007 பெப்ரவரியில் யுலிஸிஸ் விண்கலம் மக்நோட் வால்வெள்ளியின் வாலுக்குள் அகப்பட்டது. செக்கனுக்கு 700 கிலோமீற்றராக இருந்திருக்க வேண்டிய சூரியக் காற்று அங்கே 400 க்கும் கீழே இறங்கியிருந்தது. கருவிலிருந்து இருபது கோடி கிலோமீற்றருக்கும் அப்பால் இது நடந்தது. ஆனால் மெதுவான காற்று பூமியின் காந்தக் கவசத்தைத் தள்ளும் பலமும் குறைவு. ஆகவே தூரத்து வால் ஒன்று பட்டால் விளைவது, சூரியக் காற்று சாதாரணமாக மாறும் நாளொன்றில் விளைவதைப் போன்றதுதான்.

இது நடந்தும் இருக்கிறது. 1861 ஜூன் 30 அளவில் பூமி பெரிய வால்வெள்ளி ஒன்றின் வாலுக்குள்ளால் போனது. 1910 மே 18, 19 இல் ஹலியின் வால் பூமியைத் தொடும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது. அந்த வாலில் சயனோசன் வாயு இருப்பதை நிறமாலையில் கண்டுவிட்டார்கள். செய்தி பத்திரிகைகளுக்குப் போக, உலகமே நஞ்சுண்டு சாகப்போகிறது என்ற பயம் பரவியது. அமெரிக்காவில் வால்வெள்ளி வில்லைகள் என்று மாத்திரை விற்றார்கள். வாங்கியும் விழுங்கினார்கள். வாலில் உள்ள வாயு நாம் ஆய்வுகூடத்தில் உண்டாக்கும் வெற்றிடத்தைவிட ஐதானது என்பதைச் சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள், கேட்டவர்கள் குறைவு. அந்த இரவுகளில் காந்த நிலையங்கள் பதிவு செய்துகொண்டுதான் இருந்தன. வால்வெள்ளியால் வந்தது என்று ஐயமில்லாமல் சுட்டிக்காட்டக்கூடிய எதுவும் அவற்றிலிருந்து நிலைபெறவில்லை.

அந்தக் கருவிகள் கூர்மையற்றவை என்று நினைத்துவிட வேண்டாம். பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது, அதன் மின்னோட்டம் அளவீட்டைக் குழப்பும் என்பதற்காகவே கொலாபாவின் காந்த நிலையத்தை 1904 இல் அலிபாக்குக்குக் கொண்டுபோனார்கள். ஹலியின் வாலுக்கு அஞ்சி எவரும் எதையும் இடம்மாற்றவில்லை.

எங்கள் ஊருக்கு இதில் இன்னொரு விசேடமும் உண்டு. புவியின் காந்த மத்தியகோடு தென்னிந்தியாவையும் இலங்கையையும் ஒட்டிப் போகிறது. அதனால் பகல் வேளைகளில் எங்கள் தலைக்கு மேலே, ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரத்தில், கிழக்கு நோக்கி ஒரு பெரிய மின்னோட்டம் ஓடுகிறது. அதன் காரணமாக நண்பகலில் தரையின் காந்தப்புலம் பல பத்து நனோ தெஸ்லா கூடி, மாலையில் குறைகிறது. நாங்கள் வகுப்பில் ஊசியைச் சுற்றி நின்ற அந்தப் பிற்பகலிலும் அது கூடிக் குறைந்திருக்கும். எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இவ்வளவு கேட்டபின் "அப்படியானால் ஒன்றும் நடக்காது" என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும். நாங்களும் முடித்துவிட்டோம். ரொறன்ரோத் தோழிதான் விடவில்லை. "தூரத்து வால் சரி. கிட்ட வந்தா?" என்று எழுதினாள்.

கிட்ட வந்த கதை ஒன்று இருக்கிறது, ஆனால் செவ்வாயில். 2014 ஒக்ரோபர் 19 இல் சைடிங் ஸ்பிறிங் என்ற வால்வெள்ளி செவ்வாய்க்கு 140,000 கிலோமீற்றர் அளவு தூரத்தில், செக்கனுக்கு 56 கிலோமீற்றர் வேகத்தில் கடந்தது. பூமிக்கும் சந்திரனுக்கும் இடையிலான தூரத்தில் மூன்றில் ஒரு பங்கை விடச் சற்றே கூட. அமெரிக்காவின் மேவன் கலம் அங்கே போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தூசி பட்டால் கெடுமென்று கருவிகள் பலவற்றை நிறுத்திவைத்தார்கள்; காந்தமானி உட்படச் சிலவற்றை ஓடவிட்டார்கள். செவ்வாய்க்குப் பூமியைப் போன்ற முழுக்கோளக் காந்தப்புலம் கிடையாது. சூரியக் காற்று அதன் மேல்வளியில் மோதுவதால் உண்டாகும் மெல்லிய காந்தப் போர்வைதான் இருக்கிறது. வால்வெள்ளியின் வாயு மண்டலம் கோளையே மூடியபோது அந்தப் போர்வை சில மணிநேரம் நிலைகுலைந்து முறுகியது. பலமான சூரியப் புயல் ஒன்று அடித்ததற்கு ஒப்பான நிலை. வால்வெள்ளித் தூசி எரிந்ததால் செவ்வாயின் மேல்வளியில் மக்னீசியம், சோடியம் போன்ற உலோக அயன்களும் தென்பட்டன.

பூமிக்கு அப்படிக் கிட்ட வந்த வால்வெள்ளி பதிவில் இல்லை. மிகக் கிட்ட வந்தது 1770 ஜூலையில் லெக்செல் வால்வெள்ளி, 22 இலட்சம் கிலோமீற்றர் அளவில். அந்தக் காலத்தில் தொடர்ந்து பதியும் காந்தமானி கிடையாது. செவ்வாய்க்கு நடந்தது பூமிக்கு நடந்தால், ஆழத்திலிருந்து வரும் எமது புலம் அசையாது; ஆனால் விண்ணில் உள்ள காந்தக் கவசம் அமுங்கும், செய்மதிகள் பாடுபடும், கியூபெக் போன்ற வட இடங்களில் மின்வலையமைப்பைக் கவனிக்க வேண்டிவரும் என்று எதிர்பார்ப்பதில் பிழையில்லை. எவ்வளவு என்பதை எவரும் அளந்ததில்லை.

கடைசியாக, ஹியாகுடாக்கேக்கே திரும்புகிறோம். 1996 மே 1 ஆம் திகதி, எங்களில் பலர் சைக்கிளில் சாமான் கட்டி வலிகாமத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை, அந்த வால்வெள்ளியிலிருந்து 50 கோடி கிலோமீற்றருக்கும் அப்பால் போய்க்கொண்டிருந்த யுலிஸிஸ் கலத்தில் ஒரு விசித்திரம் பதிவானது. சில மணிநேரம் சூரியக் காற்றின் புரோத்தன்கள் திடீரெனக் குறைந்துபோயின. காந்தப்புலம் சேலை தொங்குவதுபோல் மடிந்திருந்தது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை. 2000 ஆம் ஆண்டில்தான் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் பழைய தரவைப் பார்த்து, அது ஹியாகுடாக்கேயின் வால் என்று நிறுவின. அதுவரை அளக்கப்பட்ட வால்களில் அதுவே நீளமானது. நாங்கள் முற்றத்தில் படுத்துப் பார்த்த வால்தான் அது.

ரீச்சர், நீங்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். ஆராவது அளந்திருப்பினம் என்று சொன்னீர்கள். நீங்கள் சொல்லி ஐந்து கிழமைக்குள் ஒருவர் தெரியாமலே அளந்திருக்கிறார். ஊசி திரும்பாது ரீச்சர், தூரத்து வாலுக்கு. கிட்டத்து வாலுக்கு இன்னும் தெரியாது.

இன்று காலை இங்கே ஆண்டு 9 பிள்ளைகளோடு ஆய்வுகூடத்தில் கைத்தொலைபேசியின் காந்தமானியைத் திறந்து பார்த்தோம். மேசை நடுவில் 40 மைக்ரோ தெஸ்லாவுக்குக் கிட்ட நின்றது. யன்னல் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் துள்ளி ஏறியது. அலுமாரிக்குள் ஒரு பழைய திசைகாட்டியும் இருந்தது. அது அந்தத் திசைகாட்டிதானா என்பதை நீங்கள்தான் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.